ஐந்தாம் பக்கம்

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து ஐந்து மாதம் ஆன பிறகு உங்களை இன்னும் சம்பந்தி என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒன்றும் வாய்க்கவில்லை. அதனால் பழைய பெயரே இருக்கட்டும்.

போன் செய்திருக்கலாம். போன முறை செய்தபோது என்ன ஆயிற்று என்று உங்களுக்கும் தெரியும். உங்களுக்குக் காது மந்தம். நான் கோபத்தில் கத்துகிறேனா, உங்களுக்குக் கேட்கட்டும் என்று கத்துகிறேனா என்று பாதி நேரம் எனக்கே தெரிவதில்லை. எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி லேப் மைக்ராஸ்கோப்பில் பல்பு போய்விட்டது. ஆறு வோல்ட், இருபது வாட், இரண்டு கம்பிக்கால் உள்ள சின்ன பல்பு. மேஜை இழுப்பறையில் கடைசியாக இருந்ததைப் போட்டிருக்கிறேன். அதுவும் அணைந்து அணைந்து எரிகிறது. நாலு கடைக்கு ஆள் அனுப்பிவிட்டேன். "இதெல்லாம் இப்ப வர்றதில்லைம்மா, புதுசா மைக்ராஸ்கோப் வாங்கிடுங்க" என்கிறார்கள், ஏதோ என் வீட்டுப் பணத்தில் வாங்கச் சொல்வது போல. புது இயந்திரம் கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்துக்குப் போன மாதத்தோடு இரண்டு வயது முடிந்தது.

ஒரு நாளைக்கு நாலைந்து சளி ஸ்லைடாவது வருகிறது. காசநோயா இல்லையா என்று பார்த்துச் சொல்வது நான் ஒருத்திதான். இந்த இயந்திரத்தைத் திறந்து மூடத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். ஏழு வருஷத்துக்கு முன்பு இதைச் சரி பண்ண வந்த இடத்தில்தான் பேச்சுவாக்கில் மகளுக்கு வரன் தேடுவதாகச் சொன்னீர்கள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போகட்டும்.

பல்பு கிடைக்குமா, கிடைக்காதா என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. அதுவரை வெளிச்சம் இருந்தால் போதும்.

லேப் அம்மா

*

மார்ச் 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நலமா?

கடைக்காரர்கள் சொன்னது சரி. அந்த பல்பு எங்கேயாவது ஒன்றிரண்டு கிடைத்தாலும் இரண்டு மாதம்தான் தாங்கும். அதனால் பல்பு அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக எல்.ஈ.டி விளக்கு ஒன்றை அந்தக் குழியில் உட்காரும்படி நானே தகட்டில் பொருத்தி இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சூடாகாது. பத்து வருஷம் எரியும். நீங்களும் நானும் அதற்குள் ஓய்ந்துவிடுவோம், அது எரிந்துகொண்டிருக்கும்.

மாட்டுவது கஷ்டமில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அடித்தகட்டில் உள்ள நாலு திருகைக் கழற்றுங்கள். பழைய பல்பை, சூடு ஆறிய பிறகு, துணியால் பிடித்து நேராக இழுங்கள். அந்தக் குழியில் என் தகட்டை வையுங்கள், அம்புக்குறி உங்களைப் பார்த்து இருக்கட்டும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மருக்குப் போகும் இரண்டு ஒயரையும் விட்டுவிடுங்கள், அது இனி வேண்டாம். என் விளக்குக்குத் தனி பிளக் உண்டு. எரிய விட்டு, வெளிச்ச வட்டம் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் தகட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

இனி மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

பிரிவதைப் பற்றிப் பேச வந்த அன்று கல்யாண மண்டபம் மாதிரி நாற்காலி போட்டு எல்லோரையும் உட்கார வைத்து, "உங்க பொண்ணுக்குக் குடும்பம் நடத்தத் தெரியல" என்று சொன்னீர்களே, அது இன்றைக்கும் என் நல்ல காதிலேயே விழுந்துகொண்டிருக்கிறது. என் மகளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியும். யாரோடு நடத்துவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. உங்கள் பிள்ளை நல்லவன்தான், ஒரு நாளும் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் ஊமைக்கோட்டான். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அவள் காய்ச்சலில் கிடந்தபோது "மாத்திரை போட்டியா" என்று கேட்டதுதான் அவன் பேசிய நீளமான பேச்சு என்கிறாள். ஒரு மனுஷன் சம்பளத்தை மேஜையில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் போதுமா? கேட்டால், அவன் அப்பாவும் அப்படித்தான் இருந்தார் என்றீர்களாம். அதை ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி சொன்னீர்களாம்.

அவள் இப்போது காலையில் எழுந்து எனக்கும் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். அழுவதில்லை. அழுதாலும் எனக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். இந்த வயதில் நான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாரைக் குற்றம் சொல்ல? வரன் பேசிய என் வாயைத்தான்.

உங்கள் மீது கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். பொய் எழுத வரவில்லை.

சொல்ல விட்டுப்போனது. வெளிச்சம் மேலே வரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அதைத் திருகினால் கழன்று வரும். அதன் அடியில் வட்டமாக நீலக் கண்ணாடி ஒன்று இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்பு நான் போட்டதுதான். பழைய பல்பின் மஞ்சளை அடக்க அது தேவைப்பட்டது. புது விளக்கு ஏற்கெனவே வெள்ளை. அந்தக் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். மறக்க வேண்டாம். இருந்தால் எல்லாம் நீலமாகத் தெரியும், நீங்கள் சாயம் ஏற்றிய கிருமியின் சிவப்பு அமுங்கிப்போகும்.

ரிப்பேர்காரர்

*

மார்ச் 25

சம்பந்தி அவர்களுக்கு,

பெட்டி வந்தது. விளக்கை மாட்டிவிட்டேன். நாலு திருகில் ஒன்று துருப்பிடித்து அரை நாள் வாங்கிவிட்டது. மற்றபடி நீங்கள் எழுதிய வரிசைப்படியே செய்தேன். வெளிச்ச வட்டம் நடுவில் விழுகிறது.

நன்றி சொல்லாமல் இருந்தால் அது என் வளர்ப்புக்கு அழகல்ல. விளக்கு அருமையாக இருக்கிறது. பழைய பல்பில் பார்த்தால் மாலைக்குள் கண் எரியும். இதில் எல்லாம் பளிச்சென்று நீலமாக, கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. கிருமி நிறைய உள்ள ஸ்லைடு ஒன்றை வைத்துப் பார்த்தேன், கருஞ்சிவப்பாக நன்றாகவே தெரிந்தது. பெரிய டாக்டர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட, புதுசு மாதிரி ஆயிடுச்சே" என்றார். இனி அந்த விண்ணப்பத்துக்கு மூன்று வயது ஆனாலும் கவலையில்லை.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் வேலைக்கான பகுதியை மட்டும்தான் படித்தேன். "இனி மனதில் உள்ளதைச் சொல்கிறேன்" என்று வந்த இடத்தில் மடித்து உறைக்குள் போட்டுவிட்டேன். உங்கள் மனதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதேதான் என் பிள்ளை உருவில் என் வீட்டிலும் இருக்கிறது, சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் படிக்க எனக்குத் தெம்பில்லை.

லேப் அம்மா

*

ஏப்ரல் 2

அம்மா அவர்களுக்கு,

மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதை மடித்துப் போட்டுவிட்டேன் என்கிறீர்கள். நல்லது. படிக்காதவருக்கு எழுதுவதும் என்னிடம் மெதுவாகப் பேசுவதும் ஒன்றுதான். இனி எழுத மாட்டேன். விளக்கு எரிந்தால் சரி.

*

ஜூலை 1

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத மாட்டேன் என்றவருக்கு நான் எழுதுகிறேன். வேறு வழியில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் வந்து நான் பார்த்து முடித்த ஸ்லைடுகளில் இருபதை எடுத்துப்போவார். மருத்துவக் கல்லூரியில் வேறொருவர் மறுபடி பார்ப்பார். இருபத்தேழு வருஷமாக நடக்கிறது. ஒரு முறைகூட என் பெயருக்கு நேராகச் சிவப்பு மை விழுந்ததில்லை. போன வாரம் அவர் ஒரு ஸ்லைடைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "கிருமி காணப்படவில்லை" என்று நான் எழுதியது. அங்கே பார்த்ததில் கிருமி இருக்கிறது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க வேற ஸ்லைடை மாத்திட்டீங்க" என்று அவரிடமே சண்டை போட்டேன். மனுஷர் பொறுமையாக, "வந்து நீங்களே பாருங்கம்மா" என்றார். பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். பார்த்தேன். சின்ன சிவப்பு நூல் துண்டு மாதிரி மூன்று. குழந்தைகூடக் காட்டும்.

அதே ஸ்லைடை என் லேபுக்குக் கொண்டுவந்து, அதே இடத்தை என் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு உற்றுப் பார்த்தால் அழுக்குப் போல ஒரு கறுப்புக் கீறல். என் கண்தான் போய்விட்டது என்று நினைத்துக் கண் டாக்டரிடம் ஓடினேன். எல்லா எழுத்தையும் படிக்க வைத்து, கண்ணில் மருந்து ஊற்றி, "உங்க வயசுக்கு இது ராஜா கண்ணு" என்று அனுப்பிவிட்டார்.

அப்படியானால் உங்கள் விளக்குதான். அருமையாக இருக்கிறது என்று எழுதினேனே, அந்த வாயால்தான் கேட்கிறேன். என்ன விளக்கை என் தலையில் கட்டினீர்கள்? கிருமி நிறைய இருந்தால் காட்டுகிறது, ஒன்றிரண்டு இருந்தால் மறைக்கிறது. இப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷத் தொழில்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளைகள் மேலுள்ள கோபத்தை இதில் காட்டினீர்களா?

மார்ச் கடைசியிலிருந்து முந்நூற்று அறுபத்திரண்டு பேருக்கு "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்தவர்கள் இருமிக்கொண்டு எங்கெங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

*

ஜூலை 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் மகள் உரக்கப் படித்துக் காட்டினாள். அன்றைக்கு என் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. பாதியில் அவள் நிறுத்திவிட்டாள். நான்தான் மீதியையும் படிக்கச் சொன்னேன்.

மார்ச்சில் நான் அனுப்பிய கடிதம் இருக்கிறதா? மடித்து உறையில் போட்டதாக எழுதினீர்கள். கிழித்திருந்தாலும் சரி. அதில் ஐந்து பக்கம் உண்டு. ஐந்தாம் பக்கத்தின் அடியில் நீலக் கண்ணாடியைப் பற்றி எழுதியிருக்கிறேன். வெளிச்சம் வரும் வளையத்தைத் திருகிக் கழற்றுங்கள். அடியில் இருக்கும். எடுத்துவிட்டு அதே ஸ்லைடைப் பாருங்கள். இந்தக் கடிதத்தின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை என்று இதை எழுதவில்லை. முதலில் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் இரண்டாவது கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "படிக்கவில்லை" என்று நீங்களே எழுதிய வரியைக் காட்டி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுதான் தேடி எடுத்தேன். அதற்குச் சில வரிகள் மேலே, "எல்லாம் பளிச்சென்று நீலமாக" என்று இருக்கிறது. ஏப்ரலில் அது என் கைக்கு வந்தபோது நான் அதைப் படித்தவன்தானே? நீலமாக என்று ஒருவர் எழுதினால் கண்ணாடியை எடுக்கவில்லை என்று தொழில்காரனுக்குத் தெரிய வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. மடித்துப் போட்டேன் என்ற வரிதான் கண்ணில் பட்டது. அதற்குப் பதில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலைக் குறிப்பை வேலைக் குறிப்போடு எழுத வேண்டும். என்னிடம் வேலை பழகியவன் எவனாவது இப்படிச் சண்டைக்கு அடியில் கொண்டுபோய் எழுதியிருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பேன்.

இதில் ஜெயித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? முந்நூற்று அறுபத்திரண்டு என்று மகள் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை.

*

ஜூலை 14

சம்பந்தி அவர்களுக்கு,

வளையம் கழன்று வந்தது. கண்ணாடியும் வந்தது. கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஸ்லைடை வைத்தேன். மூன்றும் சிவப்பாக இருந்தன.

பிறகு உங்கள் கடிதத்தைத் தேடி எடுத்தேன். கிழிக்கவில்லை. பீரோவில், விவாகரத்துக் காகிதங்களோடு இருந்தது. முதல் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கம் வரை படித்தேன். என் மகனைப் பற்றி எழுதியதையும் படித்தேன். தப்பாக ஒன்றும் எழுதவில்லை. "மாத்திரை போட்டியா" என்று அவன் என்னிடம்கூடக் கேட்டதில்லை.

உங்கள் மீது பழி போட்டு எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் பரவாயில்லை என்று எழுதுவீர்கள். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் கேட்காமல் விடுகிறேன்.

ஸ்லைடுகள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. சிலவற்றில் சாயம் மங்கிவிட்டது, மறுபடி ஏற்ற வேண்டும். அன்றாட வேலை போக ஒரு நாளைக்குப் பதினைந்து பார்க்கலாம். மதியச் சாப்பாட்டை விட்டால் பதினெட்டு. ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கிவிட்டேன். இதுவரை நாற்பது. யாருக்கும் இல்லை. ஒவ்வொன்றையும் மேடையில் வைக்கும்போது "இருக்காதே, இருக்காதே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்க்கிறேன். லேப் துடைக்க வருகிற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

பெரிய டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. முழுவதும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

ஜூலை 19

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். இதையாவது முழுக்கப் படியுங்கள்.

அந்த ஐந்தாம் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். கண்ணாடியை எடுக்கச் சொல்ல ரிப்பேர்காரர் மறந்துவிட்டார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். என்னை யார் என்ன செய்ய முடியும்? கடையை மூடி நாலு வருஷம் ஆகிறது. காது போயிற்று, கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது, பேர் போனால்தான் என்ன. உங்களுக்கு ஓய்வுக்கு ஆறேழு மாதம்தான் இருக்கிறது. இருபத்தேழு வருஷத்தை ஒரு வட்டக் கண்ணாடிக்காகத் தொலைக்க வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பிள்ளைகள் கல்யாணத்துக்கு நீங்களும் நானும் சேர்ந்து போட்ட கையெழுத்து நல்லதுக்கு ஆகவில்லை. இது ஒன்றாவது ஆகட்டும்.

*

ஆகஸ்ட் 6

சம்பந்தி அவர்களுக்கு,

மூன்று நாளைக்கு முன்பு முடித்தேன். ஐந்து பேர்.

கல்லூரியிலிருந்து திரும்பி வந்த ஸ்லைடையும் சேர்த்துத்தான் ஐந்து. முடித்ததும் கொஞ்ச நேரம் மேஜையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். பிறகு எழுந்து, நடந்ததை நடந்தபடி எழுதி, பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. செய்யலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் கடிதத்தின் ஐந்து பக்கங்களையும் கூடவே பின் குத்திக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் கொடுத்திருக்கலாம், பதற்றத்தில் தோன்றவில்லை. அவர் ஐந்தையும் படித்தார், ஒரு வார்த்தை விடாமல். ஆக, என் மகன் ஊமைக்கோட்டான் என்ற உங்கள் கருத்து இப்போது ஆஸ்பத்திரிக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

டாக்டர் திட்டவில்லை. "முதல்ல ஆளுங்களைக் கண்டுபிடிங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒரு கொத்தனார், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, பிரஸ்ஸில் வேலை செய்கிறவர், ரொட்டிக் கடைக்காரர். மூவருக்கு மருந்து தொடங்கியாயிற்று. கொத்தனார் வார்டில் இருக்கிறார். இருமலுக்கு அவரே ஏதேதோ மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு சாரம் ஏறியிருக்கிறார். மார்ச்சில் வந்தபோது எழுபது கிலோ இருந்த ஆள், இப்போது கட்டிலில் இருப்பதே தெரியவில்லை. பிழைத்துவிடுவார் என்கிறார்கள். நான் போய் நின்றேன். நான்தான் பார்த்தேன் என்று சொன்னேன். அவர், "பரவால்லம்மா, இப்பவாவது சொன்னீங்களே" என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாவது ஆளுக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இருபத்தொன்பது வயதுப் பெண். கொடுத்த விலாசத்தில் இல்லை. போன் அணைந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரித்ததில், ஏப்ரலிலேயே வேலை கிடைத்து உங்கள் ஊருக்கு வந்துவிட்டாளாம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் எங்கேயோ வேலை என்று மட்டும் சொன்னார்கள். உங்கள் ஊர் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. அவர்கள் உறையைப் பிரிக்கவே இரண்டு வாரம் ஆகும், எனக்குத் தெரியாதா.

நோயாளியைப் பற்றி வெளி ஆளிடம் சொல்வது விதிப்படி தப்பு. தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து டிப்போ எவ்வளவு தூரம்? அடையாளம் தனித் தாளில் இருக்கிறது, காரியம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள். வேறு யாரிடமும் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அவளிடம் மட்டும், மெதுவாகச் சொல்லுங்கள். உங்களால் மெதுவாகப் பேச முடியாது என்பதும் தெரியும்.

*

ஆகஸ்ட் 14

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கிடைத்துவிட்டாள்.

டிப்போவுக்குப் பின்னால் நாலு தெரு. நாலு நாள் அலைந்தேன். தையல் கடை, சலவைக் கடை, அச்சகம் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். நான் கேட்பது ஒன்று, அவர்கள் சொல்வது ஒன்று, என் காதில் விழுவது வேறொன்று. ஐந்தாம் நாள் மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, "வாங்கப்பா, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். யாருக்காகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். கடிதங்களை எல்லாம் இப்போது எனக்குப் படித்துக் காட்டுகிறவள் அவள்தானே.

மூன்றாம் தெருவில் ஒரு வீடு. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். நாங்கள் உள்ளே போனதும் அதை நடத்துகிற அம்மாள் நாற்காலி போட்டு, "பேரனா, பேத்தியாங்க?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் எங்களை விடவில்லை. குழந்தை சேர்க்க வந்து கூச்சப்படுகிறோம் என்று நினைத்துவிட்டாள். "இங்க பயமே வேணாம்ங்க, வேலைக்கு இருக்கறவங்களை எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் சேர்ப்போம்" என்று சுவரைக் காட்டினாள். லைசன்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தாள், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. "கிருமி காணப்படவில்லை." அடியில் உங்கள் கையெழுத்து. உங்கள் கையெழுத்தை நான் எங்கே பார்த்தாலும் சொல்வேன். குழந்தை சேர்க்க வருகிற அம்மா அப்பா எல்லோருக்கும் அதைத்தான் காட்டுகிறார்களாம்.

பதினோரு குழந்தைகள். எண்ணினேன். நாங்கள் தேடி வந்த பெண் உள்ளே ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பித் திருப்பிக் கைக்குட்டையில் இருமிக்கொண்டாள். எனக்கு இருமல் கேட்கவில்லை, தோள் குலுங்குவதுதான் தெரிந்தது.

வெளியே கூப்பிட்டு, கேட் ஓரமாக நிறுத்தி, மகள்தான் சொன்னாள். நான் சொன்னால் தெருவுக்கே கேட்கும். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. பிறகு அழவும் இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் அன்னிக்கே கேட்டேங்க. குழந்தைங்ககிட்ட வேலைக்குப் போறேன், நல்லாப் பாத்துட்டீங்களா, இன்னொரு தடவை வேணா பாக்கறீங்களான்னு கேட்டேன். அந்தம்மாதான், புது லைட்டு போட்டிருக்கோம், இனி தப்பே வராது, தைரியமாப் போன்னாங்க."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று மகளிடம் திருப்பிக் கேட்டேன். சரியாகத்தான் கேட்டேன்.

இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கக் கிடந்தேன். எழுத வேண்டாம் என்றாள் மகள். பிறகு அவளே, "எழுதுங்கப்பா, ஒண்ணும் விடாம எழுதுங்க" என்றாள்.

பார்த்த அன்றைக்கே அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மருந்து கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் அறையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி ஆட்கள் வியாழக்கிழமை வந்து குழந்தைகளைப் பரிசோதிப்பார்களாம். அதற்கு முன்னால் அந்த அம்மாளுக்கும், பதினோரு வீட்டுக்கும் யாராவது சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது.

*

ஆகஸ்ட் 17

சம்பந்தி அவர்களுக்கு,

முழுக்கப் படித்தேன்.

அவள் சொன்னது உண்மை. அப்படியேதான் சொன்னேன். வேறு யாரோ சொன்ன மாதிரி மறந்திருந்தேன், உங்கள் கடிதத்தில் பார்த்ததும் அந்த வார்த்தையும் வந்துவிட்டது, அவள் முகமும் வந்துவிட்டது. பச்சைச் சட்டை. மேஜையின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சாப்பாட்டு நேரம். இன்னொரு தடவை பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். உண்மைதான். ஆனாலும் நான் இன்னொரு தடவை பார்க்கவில்லை.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், எழுதச் சொன்னது சரி. அவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்று நாற்காலி போட்டுச் சொன்னவள் நான். அவள் என் காரியத்துக்காக லீவு போட்டுத் தெருத் தெருவாக அலைந்திருக்கிறாள். இதை என் மகனிடம் சொன்னேன். எழுந்து போய் எனக்கு பஸ் டிக்கெட் எடுத்து வந்தான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து இறங்குவேன். பெரிய டாக்டரிடம் எழுதி வாங்கிய கடிதம் கையில் இருக்கிறது. நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன். பிறகு பதினோரு வீட்டுக்கும் போகிறேன். வீடு காட்ட மட்டும் உங்கள் மகள் வந்தால் போதும், உள்ளே வர வேண்டாம்.

அந்தத் தாளை யாரும் தொட வேண்டாம். சுவரிலிருந்து நானே கழற்றுகிறேன்.